எலி தின்னாத நவதானியம்

தகரப் பேணியில் அடைத்து விற்கும் சோளத்தை விதைத்தால் முளைக்காது என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் களவெடுத்திருக்கவும் மாட்டேன், பொய் சொல்லியிருக்கவும் மாட்டேன் என்று பல காலம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பழியைச் சோளத்தின் தலையில் போடுவது சுலபம். அது வாய் திறக்காது.

2009ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். பாரிஸில், லா சப்பல் கடைத்தெருவுக்குப் பின்னால் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்பா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அம்மா விடிவதற்கு முன்பே எழும்பி அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போய்விடுவார். நான் அப்போதுதான் ஆரம்பப் பள்ளி முடித்து கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். உயிரியல் ஆசிரியை வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, மண்ணைக் களைக்க விடாமல் பயிர் செய்யும் முறை ஒன்றை ஒவ்வொரு சோடிக்கும் கொடுத்தார். எனக்கும் என் மாலி நாட்டுத் தோழிக்கும் சீட்டில் விழுந்தது, மெக்சிக்கோவில் அஸ்ட்டெக் மக்கள் ஏரிக்குள் செய்த மிதக்கும் தோட்டம். அதைச் சிறிதாகச் செய்து, அதில் உண்மையான பயிரும் நிற்க, மாதக் கடைசியில் வகுப்பில் விளக்க வேண்டும்.

மிதக்கும் தோட்டம்தானே என்று, மீன்கடையில் வாங்கிய பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டி மூடியில் மண்ணைக் கொட்டி, அம்மா உடுப்புத் தோய்க்கும் நீலத் தொட்டியில் விட்டோம். மூடி ஒரு பக்கம் சரிந்து, மண் முழுவதையும் தண்ணீருக்குள் கொட்டிவிட்டு, மீன் மணத்தோடு தான் மட்டும் மிதந்தது. பிறகு நூலகத்துக்குப் போய்ப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. மிதக்கும் தோட்டம் என்று ஊரெல்லாம் சொல்கிறதே தவிர, அது மிதப்பதே இல்லை.

ஆழமில்லாத ஏரியில் கழிகளை நட்டு, நாணலால் வேலி பின்னி, உள்ளே அழுகிய நீர்ச்செடியையும் அடியில் கிடக்கும் சேற்றையும் மாறி மாறி அடுக்கி, தண்ணீருக்கு மேலே தலை தெரியும்வரை உயர்த்துவார்கள். மூலைகளில் ஒருவகை வில்லோ மரத்தை நடுவார்கள். அதன் வேர் இறங்கிப் பாத்தியை ஏரியோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுற்றியுள்ள வாய்க்கால் தண்ணீர் கீழிருந்து ஊறி ஏறுவதால் மேலே தண்ணீர் ஊற்றத் தேவை பெரும்பாலும் இராது. வாய்க்காலில் சேரும் சேற்றை அள்ளித் திரும்பவும் பாத்தியில் போடுவதால் மண்ணும் களைக்காது. ஒன்றும் வீண் போகாத ஏற்பாடு. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

நீலத் தொட்டியை வகுப்பறை யன்னலோரம் வைத்து மறுபடி தொடங்கினோம். சீனச் சாப்பாட்டுக் கடைக் குச்சிகள் கழிகளாயின. தோழி வீட்டுக் கோப்பிச் சக்கையும் எங்கள் வீட்டு மரக்கறித் தோலும் சேறும் அடுக்கடுக்காக ஏறின. கால்வாய்க் கரையில் ஒடித்த வில்லோக் குச்சிகளை நாலு மூலையிலும் நட்டோம். மேலே சோளம். அஸ்ட்டெக் மக்கள் சோளம்தான் விதைத்தார்கள், எங்கள் குசினியில் சோளம் பேணியில்தான் இருந்தது. அவித்து அடைத்த சோளம். ஒரு கிழமையில் அது பூஞ்சணம் பிடித்து வகுப்பையே மூக்கைப் பொத்த வைத்தது. இன்னொரு முறை விதைக்க நாளில்லை.

இதே நாட்களில்தான் வீட்டில் நவராத்திரிக் கும்பம் வைத்திருந்தோம். மற்ற வருடங்களில் ஒரு படமும் விளக்கும் போதும் என்று இருந்துவிடுகிற அம்மா, அந்த வருடம் கும்பம் வைத்ததற்குக் காரணம் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. மே மாதம் இலங்கையில் யுத்தம் முடிந்த நாளிலிருந்து அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாமில் கண்டதாகவும் யாரும் சொல்லவில்லை, செத்ததைக் கண்டதாகவும் யாரும் சொல்லவில்லை. காணாமல் போனவர்களைத் தேடித்தரும் இடமொன்றின் படிவத்தை அம்மா வாங்கி வந்திருந்தார். வீட்டுக்கு வரும் எல்லாப் படிவங்களையும் போல அதையும் நிரப்பியது நான்தான். பெயர், பிறந்த வருடம், கடைசியாகக் கண்ட இடம், இடது புருவத்தில் தழும்பு. புருவத்துக்குப் பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரிந்திருந்ததில் அன்று பெருமையாக இருந்தது.

படிவத்தை உறையில் போட்டு ஒட்டினாலும் அம்மா கடிதத்தை உடனே அனுப்பவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். உறையைக் கும்பத்தின் முன்னால் வைத்து, விஜயதசமியன்று தபாலில் போடுவதாக நேர்ந்துகொண்டார். பெரிய தட்டம் ஒன்றில் மண் பரப்பி, கடையில் பொட்டலமாக விற்கும் நவதானியத்தை விதைத்து, நடுவில் கும்பத்தை வைத்தார். முதல் நாள் விளக்கைக் கொளுத்திவிட்டு, "இது வடிவா முளைச்சு வந்தா அவன் எங்கையோ இருக்கிறான்" என்று சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பத்தாம் நாள் பயிரைக் கால்வாய்த் தண்ணீரில் கொண்டுபோய் விடுவோம் என்றும் சொன்னார்.

பயிர் வடிவாகத்தான் முளைத்தது. ஏழாம் நாள் நெல்லும் பயறும் உழுந்துமாக விரல் உயரத்துக்கு நின்றன. அம்மா வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

நூலகப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. அஸ்ட்டெக் மக்கள் முதலில் சேற்றுப் பாத்தியில் நாற்று வளர்ப்பார்களாம். பிறகு அதைச் சிறு சதுரங்களாக வெட்டி, வேரோடும் மண்ணோடும் தூக்கிப்போய்த் தோட்டத்தில் நடுவார்களாம். வகுப்பில் விளக்க வேண்டிய நாள் காலையில் எழும்பியபோது, அப்படி ஒரு நாற்றுப் பாத்தி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பது நினைவுக்கு வந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா நித்திரை. மரக்கறிக் கத்தியால் கும்பத்தின் பின்பக்கத்தில் ஒரே ஒரு சதுரம் வெட்டினேன். தெரியவே இல்லை. ஒரு சதுரம் பிச்சைக்காரத்தனமாக இருந்ததால் இன்னொன்று. அப்படியே ஆறு. கும்பம் ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்த்திவிட்டு, சதுரங்களைச் சாப்பாட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஓடினேன்.

வகுப்பு தொடங்குமுன் சதுரங்களைத் தொட்டியில் நட்டுவிட்டோம். வகுப்பில் எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் பச்சை அப்படி நிறைந்து நின்றது. ஆசிரியை குனிந்து குனிந்து பார்த்தார். இந்த நாற்றை யார் விதைத்தது என்று கேட்டபோது நான்தான் என்றேன். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா சப்பாத்தோடு தட்டத்தின் முன்னால் நின்றார். என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். "எலி" என்றேன். அதற்கு மேல் கதை சோடிக்க வேண்டியிருக்கவில்லை, கட்டடம் முழுக்கச் சுண்டெலி ஓடித் திரிந்த காலம் அது. எலி சதுரமாகத் தின்னாது. ஆனால் பயந்துபோய் நின்றவரின் கண்ணில் கத்தி வெட்டுப் படவில்லை.

அவர் அழவில்லை. உறையை எடுத்து அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தார். கும்பத்தருகே வைத்திருந்த மாமாவின் படத்தையும் அதனோடு வைத்தார். பிறகு குசினிக்குள் போய், கனடாவிலிருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அவன் இல்லை எண்டு சாமியே காட்டிப்போட்டுது அக்கா. இனி நான் தேடேல்லை."

நான் அதே குசினியில், அதே மேசையில் இருந்து யோகட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. நன்றாக விளங்கியது. வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அடிக்குப் பயந்தேன், பதினெட்டைப் பறித்துவிடுவார்களோ என்றும் பயந்தேன். ஒரு மனிதரின் உயிரைப் பற்றிய பேச்சு நடக்கும்போது நான் புள்ளிக்கணக்கு யோசித்தேன். இதை எழுதும்போதும் முகம் கூசுகிறது.

விஜயதசமி வந்து போனது. கடிதம் போகவில்லை. ஏழு கிழமை அம்மா வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். தட்டத்தில் மிஞ்சியிருந்த பயிருக்கு அவர் தண்ணீர் தெளிக்கவில்லை. அது காய்ந்து, ஒரு நாள் குப்பைக்குப் போனது. மாமாவைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றினார். நான் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டு அவரைச் சுற்றி ஓடினேன்.

நவம்பரில் பெற்றோர் கூட்டம். அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. உயிரியல் ஆசிரியையின் மேசைக்கு வந்தபோது நீலத் தொட்டி யன்னலோரம் அப்படியே இருந்தது. இரண்டு கிழமை விடுமுறையில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லையாம். மற்றவர்களின் சாடிகளெல்லாம் கருகிவிட, இது மட்டும் கீழிருந்து தானே உறிஞ்சிக்கொண்டு பிழைத்ததாம். ஆசிரியைக்கு அதில் ஒரே பெருமை. நெல் ஒரு முழம் வளர்ந்திருந்தது. வில்லோக் குச்சிகள் வேர்விட்டுத் துளிர்த்திருந்தன. அவற்றைச் சுற்றிப் பயறு ஏறியிருந்தது.

அம்மா எழும்பிப் போய்த் தொட்டியின் முன் குனிந்தார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, மெதுவாகப் பெயர் சொன்னார். நெல்லு, பயறு, உழுந்து, கொள்ளு. தொட்டியையும் பார்த்தார், தன் தொட்டி அது. தாயார் என்ன சொல்கிறார் என்று ஆசிரியை கேட்டார். வடிவாக இருக்கிறது என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். விதை கொடுத்து உதவியது நீங்களா என்று ஆசிரியை அவரிடமே நேராகக் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மாவுக்கு அந்தளவு பிரெஞ்சு தெரியும். என்னைப் பார்த்தார். "மா ஃபீய், மதாம்" என்றார். என் மகள், அவ்வளவுதான். ஆசிரியை என் தோளில் தட்டினார். பூமி பிளக்காதா என்று இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"எலி தின்னேல்லைத்தானே?"

இல்லை என்றேன். மெட்ரோப் பாலத்துக்குக் கீழே வந்தபோது நின்று, திரும்பவும் அதையே கேட்டார். இல்லை என்றேன். வீட்டு வாசற்படியில் மூன்றாம் முறை கேட்டார். எனக்குத் தாங்கவில்லை. "நான்தான் வெட்டினனான் அம்மா, எலி தின்னேல்லை" என்று தமிழில் சொல்லி அழுதேன்.

அம்மா படியேறிப் போய், உறையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். தெருமுனை மஞ்சள் தபால் பெட்டிவரை என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "நீ போடு பிள்ளை, எழுதினதும் நீதானே" என்றார். போட்டேன். அடியும் விழவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. தப்பினேன் என்ற சந்தோசத்தில் அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஏழு கிழமை முந்திப் போயிருந்தால் வந்திருக்குமா என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அதை நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் மூன்று முறை கேட்டதை, என் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் விசாரணை என்றே அப்போது நினைத்தேன். அம்மா என்னை விசாரிக்கவே இல்லை. எலி தின்னவில்லை, அப்படியென்றால் தம்பி இருக்கிறான் என்று யாராவது ஒருவர் தனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தார், அதைச் சொல்லக்கூடிய ஆள் அன்று உலகத்தில் நான் ஒருத்திதான். நாலாம் முறையும் கேட்டிருப்பார். நான் அழுதபடியால் நிறுத்திக்கொண்டார்.