சிவலையின் முழங்கால்

கிளிவெட்டி வயல் பாதையில் சிவலை மாடு முன்னங்காலை மடித்து நுகத்தோடு விழுந்தபோது வண்டிலில் பன்னிரண்டு நெல் மூட்டை இருந்தது. அதன் இடது முழங்கால் வீங்கியிருந்தது மூன்று கிழமைக்கு முன்பே எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், நாலு பேர் சிரித்ததும் மூடிக்கொண்டேன்.

நான் இருபத்தேழு வருடமாக மாட்டுக்கு லாடன் அடிக்கிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு. கூட்டத்தில் எழுந்து கதைக்க எனக்கு ஏலாது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே வண்டில் வைத்திருக்கிற இளம் ஆட்களுக்கு இதை எழுதுகிறேன்.

1. வெயிலில் கிடத்தின கால்

டீசல் தட்டுப்பாடு வந்த நேரம். எங்கள் மாவட்டத்துச் சீனன்குடாவில் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்க, எங்கள் ஊர் டிராக்டர்கள் கொட்டிலுக்குள் நின்றன. வருடக்கணக்காகச் சும்மா மேய்ந்த மாடுகளையெல்லாம் பிடித்து நுகத்தில் பூட்டினார்கள். வண்டில் ஓட்டுவதை ஒருநாளும் விடாத நல்லதம்பி அண்ணரும் தன் சோடியை லாடன் அடிக்கக் கொண்டுவந்தார். நுகத்தின் வலப்பக்கம் இழுக்கிற வலத்தன் வெள்ளை. இடப்பக்க இடத்தன் சிவலை.

லாடன் அடிக்க முதல் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். குளம்பு பிளவு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. ஆணி அடிக்கும்போது இடது கையால் காலை இறுக்கிப் பிடிப்பேன். அப்படிப் பிடித்துப் பிடித்து என் கைக்கு மாட்டு மூட்டு பழக்கம். சிவலையின் இடது முழங்கால் உருண்டு, அடுப்பில் இருந்து இறக்கிய பானைபோலச் சுட்டது. வலது முழங்காலைத் தொட்டேன். சுடவில்லை.

"அண்ணை, இதை ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. சுடுது."

அவர் வேப்பமர நிழலில் நின்றார். "வெயிலுக்குள்ள கிடத்தினாச் சுடாமக் குளிருமோ?"

"மற்றக் கால் சுடேல்ல."

"அவனுக்குப் பிறக்கேக்கையே தடிச்ச கால். நீ லாடன் அடிக்க வந்தனியோ, பரியாரி வேலைக்கு வந்தனியோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "டொக்டர் ஐயா, எனக்கும் முழங்கால் குத்துது, பாருங்கோ" என்று ஒருவர் வேட்டியை உயர்த்திக் காட்டினார். என் காது சூடாகிவிட்டது. குனிந்து மிச்ச ஆணியையும் அடித்தேன். சுடுகிற காலுக்கு லாடன் அடித்து அதைப் பாரம் இழுக்க அனுப்பியவன் நான்தான்.

2. கம்பி

சிவலை விழுந்த சேதி கேட்டு நான் ஓடிப்போனபோது மூட்டைகளை இறக்கியிருந்தார்கள். மாடு பாதையோரம் கிடந்தது. முழங்கால் தேங்காய் அளவு. நல்லதம்பி அண்ணர் சிரட்டைக் கரி மூட்டி, இரும்புக் கம்பியைப் பழுக்க வைத்துக்கொண்டிருந்தார். வீக்கத்துக்குச் சூடு போட்டால் கெட்ட நீர் இறங்கிவிடும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. ஏற்கெனவே உள்ளுக்குள் எரிகிற மூட்டுக்கு வெளியேயும் நெருப்பு வைக்கிற வைத்தியம் இது. சூடு பட்ட தோல் புழுத்து, மூட்டே அழுகிச் செத்த மாடுகளை நான் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் போனேன்.

கம்பி கிட்ட வந்தது. நான் பக்கத்தில் குந்தி, என் கையைச் சிவலையின் முழங்கால்மேல் வைத்தேன்.

"கையை எடு."

நான் எடுக்கவில்லை.

"உனக்கென்ன விசரோ? கம்பி ஆறுது. எடடா கையை."

"நீங்கள் ஒருக்காக் கையை வையுங்கோ, அண்ணை. பிறகு நான் எடுக்கிறன்."

அவர் என்னைத் திட்டிக்கொண்டே குந்தினார். கம்பி ஒரு கையில் இருக்க, மற்றக் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். திட்டு நின்றது. பிறகு வலது முழங்காலைத் தொட்டார். திரும்ப இடதைத் தொட்டார். சிவலை வலியில் உடம்பை உதறியது. அவர் கம்பியை மண்ணில் போட்டார்.

நல்லதம்பி அண்ணர் ஆளனுப்ப, அடுத்த நாள் மிருக வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இளம் பெண். "எவ்வளவு நாளா ஐயா வீங்கியிருக்கு?"

"நேற்றுத்தான் பிள்ளை."

நல்லதம்பி அண்ணர் பொய் சொல்லவில்லை, அவர் கண்டது நேற்றுத்தான். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். அந்த மாட்டை எட்டு வருடமாக வைத்திருக்கிறார். வண்டிலில் இருப்பவருக்கு மாட்டின் முதுகும் கொம்பும் தெரியும், முழங்கால் தெரியாது. குளிப்பாட்டுவது ஆற்றில், மாட்டின் வயிறுவரை தண்ணீர். அதிலும் முழங்கால் தெரியாது. இடத்தன் என்றால் எட்டு வருடமும் இடத்தன்தான். வண்டில் இடது ஓரமாகப் போகும், அந்த மாடு மட்டும் எந்நாளும் தார் உடைந்த சரிவில், கல்லில் கால் வைக்கும். ஆனால் அவர் கிழமைக்கு ஒருமுறை வண்டிலுக்கு அடியில் படுத்து அச்சுக்குக் கிரீஸ் பூசத் தவறியதில்லை. வண்டில் சில்லு கிறீச்சிட்டால் அவர் காதுக்குக் கேட்கும். மாடு தலையை ஆட்டி ஆட்டி நடந்தால், "கள்ளன், வேலைக்குக் கள்ளம் பண்றான்" என்று அடி.

"மூண்டு கிழமை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மூண்டு கிழமைக்கு முதலே சுட்டது."

வைத்தியர் என்னைப் பார்த்தார். "அப்பவே கூப்பிட்டிருந்தா ஓய்வும் மருந்துமே போதுமா இருந்திருக்கும். இனி உயிரோட இருக்கும், பாரம் இழுக்க ஏலாது."

3. இப்போது

சிவலை நல்லதம்பி அண்ணர் வீட்டு வேப்பமரத்தடியில் மூன்று காலில் நிற்கிறது. இறைச்சிக்குக் கேட்டு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். அதற்காக அவரை மன்னிக்கலாம். என்னை நான் மன்னிக்கவில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் மூடியதற்கு வெட்கம் என்று நல்ல பெயர் வைத்திருந்தேன்.

இப்போது யார் வந்தாலும், மாட்டைச் சாய்க்க முதல் உரிமையாளர் குனிந்து நாலு காலிலும் முழங்காலையும் குளம்புக்கு மேல் மூட்டையும் தொட வேண்டும். இடதைத் தொட்டால் வலதையும் தொட வேண்டும். ஒன்று மற்றதைவிடச் சுட்டால் லாடன் இல்லை, வைத்தியரிடம் போகலாம். நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற மூத்த முஸ்லிம் ஒருவர் கிண்ணியாவிலிருந்து வந்து, இதைக் கேட்டுப் போன மாதம் சிரித்தார்.

"என்ன தம்பி, மாட்டுக்குச் சலாம் போடச் சொல்றியளோ?"

"ஓம் காக்கா."

சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அதன்மேல் ஏறி இருந்துகொண்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டின் காலடியில் குந்தினார்.