கப்பல் விரிப்புகளை உலர்த்திய எங்கள் அக்கா

எங்கள் அக்கா கண் மூடி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே அவர் ஜெயித்த கதையையே எழுதுகிறேன். நான் அவருடைய தம்பி, அவர் பட்டறையில் இஸ்திரி போடுபவன்.

அக்கா நாகப்பட்டினத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் மணமாகி, அத்தானோடு கப்பலேறி ரங்கூன் வந்தார். கெமண்டைன் ஆற்றங்கரையில் இருவருமாகச் சலவைப் பட்டறை வைத்தார்கள். பெரிய தகரக் கொட்டகை. பலகைச் சுவரில் விரல் நுழையும் சந்துகள். மழைக்காலத்தில் அதற்குள் துணி காய்வது குதிரைக்கொம்பு.

ஓர் ஆடி மாதம், கப்பலொன்றின் படுக்கை விரிப்புகள் மொத்தமும் எங்களிடம் வந்தன. வியாழக்கிழமை கப்பல் புறப்படும். அதற்குள் காயாவிட்டால் துறைமுகத்தில் எங்களுக்கு இனி வேலையே கிடையாது. அத்தான் இரும்பு அடுப்பை நட்டநடுவில் நிறுத்தி, சந்துகளைச் சாக்கால் அடைத்து, கதவைச் சாத்தி, வண்டி வண்டியாக விறகு போட்டார். நானும் அவர் கட்சிதான். செவ்வாய் மாலை வரை எரித்தும் எங்களுக்கு வியர்த்ததே தவிர, விரிப்புகள் காயவில்லை.

அக்கா ஏணியில் ஏறித் தகரத்தடியில் கை நீட்டிப் பார்த்தார்.

"சூடு பூரா கூரையில நிக்குது. முழுக் கொட்டகையையும் எதுக்குங்க சூடாக்கணும்? துணி இருக்கிற எடம் போதாதா?"

பக்கத்துப் படகுக்காரர் கோ சானிடம் பழைய பாய்த்துணி வாங்கி, ஒரு மூலையில் தாழ்வாகக் கூடாரம் கட்டி, துணிக்கொடிகளை அதற்குள் இழுத்துக் கட்டினார். அடுப்பை அதற்குள் வைத்துச் சுற்றிலும் செங்கல் அடுக்கினார். புகைக்குழாயை நேரே கூரைக்கு விடாமல், கொடிகளுக்கடியில் நீளமாகக் கொண்டுபோய் வெளியே விட்டார். ஈர விறகை ஒதுக்கி, மரமில்லில் கிடைத்த காய்ந்த தேக்குத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். பிறகு கூடாரத்தின் மேலும் கீழும் ஒரு முழம் திறந்துவிட்டார்.

அத்தான் குதித்தார். "கஷ்டப்பட்டுச் சூடு பண்ணிட்டு, அதைத் தொறந்து விடுறியே!"

"சாத்தி வச்சா ஈரம் எங்கங்க போகும்? நம்ம தலையிலதான் சொட்டும்."

புதன் மதியத்துக்குள் முதல் கொடி காய்ந்தது. விறகு முன்பு போல் பாதிகூடச் செலவாகவில்லை. வியாழன் காலை வந்த கப்பல் பட்லர், விரிப்பொன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கப்பலின் மூட்டைகளையும் இங்கேயே இறக்கச் சொன்னார். கெமண்டைனே திரண்டு வந்து அக்காவின் கூடாரத்தைப் பார்த்துப்போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தபோதும், கட்டிலிலிருந்தே எங்களை அவர் அதிகாரம் செய்தார்.

அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட வைத்தியருக்கும், கஞ்சி கொண்டுவந்த கோ சான் வீட்டாருக்கும், தோள் கொடுத்த கரைக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தானுக்கும் நன்றி எழுதப் போனேன். அவர் தடுத்துவிட்டார்.

"எனக்கு எதுக்குடா? நான் சாத்தினவன். தொறந்தவ அவ. அவளுக்கு எழுது."

அக்கா, அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். நன்றி.