பாலத்துக்கு அங்காலை பாம்பு

வான் ஓட்டுகிறவனிடம் ஆட்கள் வழி கேட்பது குறைவு. போகிற இடத்தில் என்ன கடிக்கும் என்று கேட்பதுதான் அதிகம். கனடாவில், ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஜோர்ஜியன் குடாப் பக்கம் சுற்றுலாவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் என் போன்ற சாரதிமாருக்கு இது தெரியும். பன்னிரண்டு கோடை, அறுபத்தொரு பயணம். எல்லாம் என் குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. மான் நாற்பத்திரண்டு, கரடி மூன்று, கிலுகிலுப்பைப் பாம்பு என் கண்ணுக்குப் பூச்சியம்.

அந்தப் பூச்சியம்தான் என் வருத்தம். முப்பத்தெட்டாவது பயணத்தில், எனக்குத் துணையாக முன் இருக்கையில் வந்த மனைவி, தெரு வளைவில் ஒரு பாறைமேல் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். நான் அப்போது வானின் பின்சில்லு ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வால் கிலுக்கும் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. என் கண்ணால் காணாததை எழுதமாட்டேன் என்றேன். அவர் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் காலமாகி இரண்டு வருடம். அவர் கண்டதை நானும் ஒருதரம் கண்டுவிடவேண்டும் என்றுதான் இன்னும் ஓட்டுகிறேன்.

எல்லை

மார்க்கம் நகரில் ஏறிய ஒரு அன்ரி, பெல்ற் போட முதலே கேட்டார்: "அண்ணை, பாம்பு ஹைவேயிலை எந்த எக்சிற்றிலை தொடங்குது?"

ரொறொன்ரோவிலும் மார்க்கத்திலும் இந்தப் பாம்பு இல்லை, தெருவும் வீடும் வயலும் நெருங்கிய இடத்தில் அது மிஞ்சாது, எங்கள் வழியில் போர்ட் செவர்ன் பாலத்துக்கு அங்கால், வடக்கே உள்ள பாறைக் கரையில்தான் என்று விளக்கினேன். பாலம் வந்ததும் இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சப்பாணி கட்டிக்கொண்டார். பின்னேரம் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "பாலம் வந்தால் சொல்லுங்கோ அண்ணை, காலைக் கீழை வைக்கவேணும்."

குளிர்

றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் சென்னைத் தம்பதி ஒருமுறை வந்தார்கள். இவ்வளவு பனியில் பாம்பு எப்படி உயிரோடு இருக்கிறது என்று கணவர் கேட்டார். உறைபனி எட்டாத ஆழத்தில், ஈரமான பாறை வெடிப்புக்குள், ஏறக்குறைய அரை வருடம் கிடக்கும். அப்படி ஒரு வெடிப்புக் கிடைக்காத இடத்தில் அது வாழாது. இன்னும் வடக்கே போனால் குட்டி வளரக் கோடைச் சூடு போதாது என்றேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்: "கேட்டியா? நாமளும் மூணு வருஷம் பேஸ்மென்ட்லதான் கெடந்தோம். நம்மளப் பாக்க யாராச்சும் வேன் புடிச்சு வந்தாங்களா?"

உள்ளி

விட்பியிலிருந்து வந்த ஒரு அம்மா, பாயை விரித்து, பாம்பு வராமலிருக்கச் சுற்றிவர இடித்த உள்ளிப்பூண்டைப் போட்டார். நான் எதிர்ப் பாறையில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் காத்திருந்தேன். உள்ளி மணம் மட்டும் வந்தது. புறப்படும்போது அவர் வெற்றியோடு சொன்னார்: "பாத்தீங்களே அண்ணை, ஒண்டும் கிட்ட வரேல்லை. மருந்தெண்டால் உதுதான்."

வளைவு

போன வருடம், கூச்சத்தை விட்டு, குடாக் கரையில் உள்ள காட்டுப் பூங்காவில் வேலைசெய்யும் ஒரு பெண்ணிடம் அந்த வளைவைப் பற்றிக் கேட்டேன். மனைவி என்ன கண்டார் என்று அவர் விசாரித்தார். பாறையில் வெயில் காய்ந்துகொண்டு, தடித்த உடம்பு, அசையவில்லை, கிலுக்கவும் இல்லை என்றேன். கிலுக்காத கிலுகிலுப்பைப் பாம்பு உண்டா என்று நினைத்துத்தான் நான் நம்பவில்லை என்பதையும் சொன்னேன்.

வயிற்றில் குட்டி உள்ள பாம்பு, வெயில் படும் ஒரே பாறையில் கிழமைக்கணக்காகக் கிடக்குமாம். கிட்டப் போய்ப் பயமுறுத்தாவிட்டால் பெரும்பாலும் சத்தமே போடாதாம். பிறகு மெதுவாக இங்கிலிசில் சொன்னார்: "உங்கள் மனைவி நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்."

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பார்த்து வந்தேன்.

இந்த ஓகஸ்ட்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை, ஒற்றையடிப் பாதையில் நின்று பாம்பு என்று கத்தினாள். நாங்கள் ஓடிப் போனபோது ஒன்றும் இல்லை. தமையன் சிரித்தான்: "உது காய்ஞ்ச தடிதானடி!" எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கியது. அந்த முகத்தை நான் முன்பும் ஒருதரம் கண்டிருக்கிறேன்.

கிட்டப் போய், என்ன நிறம், வால் நுனி எப்படி, எந்தப் பக்கம் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சொன்னாள். கொப்பியை எடுத்து அவள் முன்னாலேயே எழுதினேன். அவள் குரல் இறங்கிவிட்டது: "அங்கிள், நீங்கள் ஒராள்தான் என்னை பிலீவ் பண்ணினீங்கள்."

அறுபத்தொரு பயணத்தில் நானாக ஒரு பாம்பும் காணவில்லை, ஆனால் என் கணக்கில் இப்போது இரண்டு இருக்கின்றன, அதில் முதலாவதை எழுதத்தான் கொஞ்சம் பிந்திவிட்டேன்.