ஒரு தட்டு தம்ரூட்

2024 ஜனவரி 20, சனிக்கிழமை, காலை ஏழு பத்து. செங்கல்பட்டு ஏரியிலிருந்து எழுந்த பனியில் எங்கள் தெருவின் எதிர்வரிசை வீடுகள் தெரியவில்லை. மப்ளருக்குள்ளும் காது வலித்தது. பனி விலகிய பிறகு கிளம்பலாம் என்று முதல் நாள் மூன்று முறை சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

காரை ஓட்டி வந்தவன் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வாடகை வேன்கள் விட்டவன். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். பின்சீட்டில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் திருநெல்வேலிக்காரர். அவரும் நானும் ஒரே பிரிவில் இருபத்தெட்டு வருஷம் பொறியாளர்களாக இருந்தோம். இப்போது அவர் எடை நாற்பத்தொரு கிலோ. உணவுக்குழாயில் கட்டி. இரண்டு மாதமாகக் கஞ்சியும் மோரும்தான். அதிலும் பாதி திரும்பி வந்துவிடும். வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்து ஊட்டினால் உடம்பு தேறும், பிறகு மேற்கொண்டு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. இவர் மாட்டேன் என்றார்.

வியாழக்கிழமை அவருடைய மனைவி எனக்கு போன் செய்தார். "அண்ணாச்சி, நீங்க சொன்னா கேப்பாவ. எப்படியாவது சம்மதிக்க வையுங்க."

போய்ச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசியில் அவர், "சரி வே, டெஸ்ட் வச்சுப் பாத்திருவோம்" என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நண்பர்களோடு சுற்றிப் பிடித்ததைச் சாப்பிடுவது. ஞாயிறு இருட்டுவதற்குள் கெட்டியான பண்டம் ஏதாவது ஒன்றை ஒரு தட்டு முழுவதும், துப்பாமல் சாப்பிட்டுவிட்டால் குழாய் கிடையாது. முடியாவிட்டால் திங்கட்கிழமை மறுபேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருவார்.

நான் ஒப்புக்கொண்டேன். எந்த பம்ப்பாக இருந்தாலும் எந்த வால்வாக இருந்தாலும் முதலில் நிபந்தனையைப் பேசி முடிப்பது, பிறகு சோதிப்பது, வந்த முடிவுக்கு இரண்டு தரப்பும் கட்டுப்படுவது. எங்கள் வேலையே அதுதான். தவிர, அவர் தோற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தா. பொங்கலில் நெய் மிதந்தது. அவர் இட்லியைச் சாம்பாரில் கரைத்து மூன்று ஸ்பூன் விழுங்கினார். நாலாவது, கைக்குட்டைக்குப் போயிற்று. எங்கள் கேன்டீனில் ஒரு வழக்கம் உண்டு: ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்களில் கடைசி ஆள் முடிக்கும் வரை யாரும் கை கழுவ எழுந்திருக்கக் கூடாது. அதனால் உட்கார்ந்தே இருந்தோம். விரல்களில் பொங்கல் காய்ந்தது.

"எந்திரிங்க வே. என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா இட்லி எறங்கிருமா?"

"குந்து அண்ணாத்த. இன்னா அவசரம், ரயிலா புட்ச்சாவணும்?" என்றான் வேன்காரன்.

மத்தியானம் மாமல்லபுரம். அறை எடுத்த இடத்துக்குப் பின்னால் சிற்பப் பட்டறை. உளிச் சத்தத்தில் அவர் தூங்கவில்லை. மாலையில் ஈ.சி.ஆரில் ஒரு டெசர்ட் கடைக்குப் போனோம். சுற்றிலும் கணினிக் கம்பெனிப் பிள்ளைகள். வேன்காரன் சாக்லேட் கேக் இரண்டு தட்டு முடித்தான். நான் சர்க்கரைக்காரன், ஒரு மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு இளநீர்ப் பாயசத்தில் ஆறு ஸ்பூன் எடுத்தேன். திருநெல்வேலிக்காரருக்குக் கேரமல் கஸ்டர்ட். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. பதினோரு ஸ்பூன்.

"இன்னாபா, ஸ்பூனைக்கூடவா எண்ணுவ?" என்றான் வேன்காரன்.

"எண்ணட்டும். வே, நான் பாஸா?"

"கஸ்டர்ட் கெட்டி இல்லை. கணக்கில் வராது" என்றேன்.

அவர் சிரித்தார். "கறாரான ஆளுய்யா நீரு."

அன்று இரவு நான் நிம்மதியாகப் படுத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஞாயிறு காலை தோசை ஓரம் தோற்றது. மத்தியானம் மீன் குழம்புச் சோறு தோற்றது. அரைமணி நேரம் இருமினார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்றேன். கோவளத்தில் வேன்காரனுக்குத் தெரிந்த ஒரு பாய் வீட்டில் ஞாயிறுதோறும் தம்ரூட் போடுவார்கள், அதைப் பார்க்காமல் திரும்ப முடியாது என்று அவன் வடக்கே வண்டியைத் திருப்பினான்.

வாசலிலேயே கடை. இரண்டு பிளாஸ்டிக் பெஞ்சு. ரவை, கோவா, முட்டை, நெய் எல்லாம் சேர்த்து மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்ட பண்டம், தாம்பாளத்தில் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தது. மேல்புறம் சிவந்து, உள்ளே மணல்மணலாக. கடல்காற்றையும் மீறி நெய் மணந்தது. மணி ஐந்தேகால். இது நிச்சயம் இறங்காது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

முதல் வாய் தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டது. கண்ணில் நீர் வழிய மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு துப்பாமல் இருந்தார். எப்படியோ இறங்கியது. இரண்டாவது வாயை எடுக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாங்கிய சர்க்கரை போடாத சூடான பால் மேஜையில் இருந்தது. வேன்காரன் அதை எடுத்து அவர் தட்டில் ஊற்றி, ஸ்பூனால் நசுக்கிக் குழைத்தான்.

"டெஸ்ட்டாவது இன்னாவது. துன்னு அண்ணாத்த."

அவர் என்னைப் பார்த்தார். "பால் ஊத்தக் கூடாதுன்னு நீரு சொல்லலையே வே."

சொல்லவில்லைதான். அது இனி கெட்டி இல்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். முதல் நாள் கஸ்டர்டுக்குச் சொன்னவன்தானே. ஆனால் அவர் சாப்பிடத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் கண்ணை மூடினார். நெய் உதட்டில் பளபளத்தது. நாற்பது நிமிஷத்தில் தட்டு காலி. உள்ளேயிருந்து வந்த அந்த வீட்டம்மா, "இன்னொண்ணு வைக்கட்டுமா ஐயா?" என்று கேட்டார். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் எழுந்தார். தானே குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, "எந்திரிங்க வே. கடைசி ஆளு முடிச்சாச்சு" என்றார். வேன்காரன் அழுதுகொண்டே சிரித்தான். நான் மணி பார்த்தேன். இன்னும் இருட்டவில்லை.

இறக்கிவிடப் போனபோது அவர் மனைவி ஆஸ்பத்திரிப் பையை வாசலில் தயாராக வைத்திருந்தார். எக்ஸ்ரே கவர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏதாவது சாப்ட்டாவளா அண்ணாச்சி?"

"ஒரு தட்டு முழுசா."

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. "அப்போ நல்லதுதானே?"

திருநெல்வேலிக்காரரே நிபந்தனையைச் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை போய்க் கெஞ்சினேன். "டெஸ்ட் முடிஞ்சு போச்சு வே. ரிசல்ட்டைத் திருத்தப் பாக்கீரே" என்றார். மூன்று வாரத்தில் பாலும் இறங்கவில்லை. அவர் சம்மதித்தபோது, கத்தி வைத்தால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்ச் பிறந்து ஐந்தாவது நாள் போனார். தூக்கும்போது கனமே இல்லை.

பெட்ரோல், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் வேன்காரனும் நானும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டோம். கோவளத்தில் மட்டும் நானே கொடுத்தேன். தம்ரூட் நாற்பது, பால் இருபது. அறுபது ரூபாய்.