தராசில் இறங்கிய தேனீக்கள்

திருச்சுழியிலிருந்து வந்த பஸ்ஸில் அந்தத் தேனீப் பெட்டி எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது. வாசலில் ஈரத்துணி அடைத்து, மேலே சாக்கு சுற்றி, மாமா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். கண்டக்டர் குனிந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா உள்ள, ரேடியோவா? ஸ்டேஷன் கிடைக்காம இரையுது?" என்று கேட்டாராம். மாமாவின் தோட்டத்தில் கிணறு வற்றிவிட்டது. எள் இல்லை, சூரியகாந்தி இல்லை. பூவில்லாத காட்டில் பூச்சிக்கு என்ன வேலை என்று, தன் அக்காளிடம், அதாவது என் அம்மாவிடம், பெட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்.

அருப்புக்கோட்டையில் கடைவீதிக்குப் பின்தெரு எங்கள் வீடு. மொட்டைமாடிகளில் டிவி ஆன்டெனாக்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் மாடியில் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் பெட்டி நின்றது. எனக்குப் பத்து வயது. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

சொல்லித்தர யாருமில்லை. எனக்கும் அம்மாவுக்கும் தேனீக்களே கொட்டிக் கொட்டிச் சொல்லித்தந்தன. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். எங்கள் ஊர் வெயிலோ மத்தியானத்துக்குள் கிண்ணத்தைக் குடித்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். தேங்காய் நாரைப் புகையவிட்டு, மூடியைத் திறந்து, அடை கட்டிய சட்டத்தைத் தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். கை அவசரப்பட்டால் கொட்டும். மூச்சு அவசரப்பட்டால்கூடக் கொட்டும். அம்மா தலைநிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்த அன்று இரண்டு பேரும் முகம் வீங்கி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பும் வலித்தது. பள்ளிக்கூடத்தில் என்னை 'பணியாரம்' என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். அவர்களில் யார் ராணித் தேனீயைப் பார்த்திருக்கிறார்கள்? நான் பார்த்திருந்தேன். நீளமானவள், கறுத்தவள், கூட்டத்துக்குள் நடந்தால் மற்றவை விலகி வழிவிடும்.

தை மாதம் பாளையம்பட்டிக்கு அங்கிட்டுக் கொத்தமல்லிக் காடுகள் பூத்தன. வெள்ளை வெள்ளையாய், தரைக்கு நுரை கட்டியதுபோல். எங்கள் தேனீக்கள் வீட்டு ஓடுகளைத் தாண்டி, சினிமாக் கொட்டகையைத் தாண்டி, அங்கே போய்விட்டுக் காலெல்லாம் பொடியோடு திரும்பும். அந்தத் தேனை நக்கினால் முதலில் இனிப்பு, பிறகு மல்லி, பிறகு வெயில்.

முதல் கிண்ணத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பினாள் அம்மா. என் கையில்தான் அனுப்பினாள். எங்கள் வீட்டில் எல்லாம் என் கை வழியாகவும் வாய் வழியாகவும்தான் போகும். பெரியப்பா, கருப்பட்டிச் சரக்கெடுக்க ஊர் ஊராய் அலைந்த என் அப்பாவின் அண்ணன். வீட்டுக்கும் கடைவீதியிலிருந்த கருப்பட்டி மண்டிக்கும் அவர்தான் பெரியவர். அம்மா அவரிடம் நேராகப் பேசமாட்டாள். அவர் நடையில் நிற்பார், அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பாள், நான் நடுவில் நின்று, இரண்டு பேருக்குமே கேட்டுவிட்ட பேச்சை மறுபடி சொல்லுவேன். இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் கடைவீதியில் நடக்கக் கூடாது. கோயிலுக்கென்றாலும் பின்சந்து வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். மண்டியின் கருப்பட்டியைத் தினமும் காப்பியில் குடித்த அம்மா, மண்டியின் வாசலைப் பார்த்ததில்லை.

பங்குனி பிறந்தது. பூ நின்றது. சட்டங்கள் லேசாயின. சீனித்தண்ணி வைத்தால் பிழைக்கும் என்று மாமா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரியப்பாவிடம் போய்ச் சீனி கேட்டேன்.

"சீனியா? கருப்பட்டி யாவாரி வீட்டுல ஈக்குச் சீனியா? ஊரு சிரிக்கவா? முதல் தரக் கருப்பட்டி தாரேன், பாகு காய்ச்சி வைக்கச் சொல்லு உங்க அம்மாவ."

கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் மட்டும் வந்தது. பாகு காய்ச்சினோம். தேனீக்கள் ஆசையாய்த்தான் குடித்தன. மூன்றாம் நாள் அவற்றுக்கு வயிற்றோட்டம் கண்டது. பறந்த இடமெல்லாம் காவி நிறத்தில் சொட்டுச் சொட்டாய்ப் போட்டுவைத்தன. கல்யாண வீட்டுக்குப் போவதற்காக நீலம் போட்டு மாடியில் காயவைத்திருந்த பெரியப்பாவின் மல்வேட்டி அம்மை போட்டதுபோல் ஆனது. அவருடைய கருப்பட்டிதான், அவருடைய வேட்டிக்கே திரும்பி வந்திருந்தது. அதை அவரிடம் யார் சொல்வது? கறைபட்ட வேட்டியோடு பெரியப்பா நடையில் வந்து நின்றார்.

"பாலவனத்தத்துல ஒருத்தன் பெட்டியக் கேட்டுக்கிட்டு இருக்கான். ஞாயித்துக்கெழம வந்து தூக்கிட்டுப் போகட்டும். சொல்லிரு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. ரேஷன் சீனியைக் கரைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து படுத்தாள். அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

சனிக்கிழமை முற்பகல். நான் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பெட்டியின் வாசல் திடீரென்று கொதித்தது. பொங்கின பால்போலத் தேனீக்கள் வழிந்து, எழும்பி, வானத்தில் ஒரு கறுப்புச் சேலை விரிந்ததுபோல் சுழன்று, கிழக்கே நகர்ந்தன. நானும் கீழே ஓடினேன். அண்ணாந்துகொண்டே ஓடினேன். சைக்கிளில் மோதினேன், ஆட்டில் மோதினேன். கடைவீதியில், எங்கள் மண்டி வாசலில், உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய இரும்புத் தராசின் கம்பியில் அந்தக் கூட்டம் மெல்ல இறங்கி, ஒன்றன்மேல் ஒன்று பற்றி, ஒரு முழ நீளத்துக்குத் தொங்கியது.

லோடு இறக்கியவர்கள் கருப்பட்டிச் சிப்பங்களைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். பெரியப்பா தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மண்ணெண்ணெய் நனைத்த சாக்குப் பந்தத்தை ஒரு கையிலும் தீப்பெட்டியை மறுகையிலும் வைத்திருந்தார். "வாசலைக் காலி பண்ணுங்கப்பா, கொளுத்திருவோம்!"

எப்படி வீட்டுக்குத் திரும்பினேன் என்று தெரியாது. அம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நம்ம தராசுல தொங்குது. பெரியப்பா கொளுத்தப் போறாக!"

அம்மா கையைக்கூடக் கழுவவில்லை. மாடிக்கு ஓடிப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து, வாசலில் இறங்கினாள். பின்சந்துப் பக்கம் திரும்பவில்லை. நேரே கடைவீதி. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை, எல்லாக் கடையிலும் தலைகள் எட்டிப்பார்த்தன. மசாலாக் கையோடு அம்மா நடந்தாள். பெட்டி அவள் இடுப்பில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. தேனீக்கள்தான் உள்ளே இல்லையே, பிறகு ஏன் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டே நானும் நடந்தேன்.

மண்டி வாசலில் பெட்டியை இறக்கினாள். பெரியப்பாவைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், வழக்கம்போல இடையில் சொல்ல. அதற்குள் அவளே சொன்னாள்.

"அத்தான், அந்தத் தீப்பெட்டியக் குடுங்க."

பெரியப்பா கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் திகைத்தார். அம்மா குச்சிகளையெல்லாம் கீழே கொட்டிவிட்டு, காலித் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, செம்புத் தண்ணீரில் மசாலாக் கையைக் கழுவி, மீதியை விரலால் கூட்டத்தின்மேல் தெளித்தாள். பிறகு வெறுங்கையை உள்ளே விட்டாள். மாவை அள்ளுவதுபோல் தேனீக்களை அள்ளிச் சட்டங்களுக்கு நடுவே இறக்கினாள். முழங்கைவரை தேனீக்கள்.

"ராணியப் பாருடி. ஒன் கண்ணுதான் கண்ணு."

பார்த்தேன். வாழ்க்கையில் அப்படி அசையாமல் நின்றதேயில்லை. தராசுச் சங்கிலியின் மூன்றாவது வளையத்தில் சில தேனீக்கள் விலகி வழிவிட்டன. நீளமானவள், கறுத்தவள்.

"அம்மா, சங்கிலில! அந்தா!"

அம்மா இரண்டு விரலால் அவளைச் சிறகோடு பிடித்துத் தீப்பெட்டிக்குள் விட்டு, ஒரு மயிரிழை இடைவெளி வைத்து மூடி, சட்டத்தில் நூலால் கட்டினாள். அவ்வளவுதான். ராணி இருக்கிற இடம்தான் மற்றவற்றுக்கு வீடு. தராசில் இருந்தவை, உத்தரத்தில் இருந்தவை, பெரியப்பாவின் துண்டில் இருந்தவை, எல்லாம் ஊர்வலம்போலப் பெட்டிக்குள் நடந்தன. யாரோ கைதட்டினார்கள். பிறகு வீதியே தட்டியது.

கடைசித் தேனீ அடையும்வரை பெட்டியை அசைக்கக் கூடாது. அதனால் பொழுது அடையும்வரை அம்மா மண்டி வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கருப்பட்டி வாங்க வந்த பெண்கள் அவளிடம் கேட்டார்கள், அவள் உடைத்து முகர்ந்து காட்டினாள். பெரியப்பா அம்மாவுக்குக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து, "சீனி எம்புட்டு வேணுமாம்னு உங்கம்மாட்ட கேளு" என்றார்.

"மழை பெய்யுற வரைக்கும் வேணும் அத்தான்" என்றாள் அம்மா. கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பாலவனத்தத்துக்காரர் ஒரு கிளாஸ் தேன்தண்ணி குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். ராணித் தேனீயைப் பிடித்தவள் நான்தான் என்று கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் சொல்லிக்கொண்டேன். பணியாரம் என்ற பெயர் ராணி என்று மாறியது.

அதற்கெல்லாம் முன், தேனீக்கள் திரும்பியதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா சுங்குடிச் சேலை கட்டி, தலைநிறையப் பிச்சிப்பூ வைத்து, என்னைக் கையில் பிடித்துக் கோயிலுக்குக் கிளம்பினாள். வாசலில் இறங்கியதும் கடைவீதிப் பக்கம் திரும்பினாள்.

"தேனீ ஓடிருச்சாம்மா?" என்று பதறினேன்.

"இல்லடி. எல்லாம் பெட்டியிலதான் இருக்கு."

"பெறகு எதுக்கு இந்த வழி?"

அம்மா சிரித்துக்கொண்டே நடந்தாள். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை. பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். வீதி முழுக்க அண்ணாந்து தேடிக்கொண்டே நடந்தேன். ஒரு தேனீகூடப் பறக்கவில்லை.