உபதேசியார் வீட்டில் நின்ற பசு

அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சனிக்கிழமை பின்னேரமே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுவார். கிணற்றடியிலிருந்து கிழக்கு வேலி வரைக்கும் நடந்து நடந்து, வேலியில் வரிசையாக நட்ட கதியால் தடிகளைச் சபையாராக நினைத்துக்கொண்டு, கையை நீட்டிப் பேசுவார். உடுவிலுக்குக் கிட்ட ஒரு சிறிய தேவாலயத்தில் அவர் உபதேசியாராக இருந்தார். போதகர் மாதத்தில் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் பிரசங்கம். சபை என்பது சில குடும்பங்கள்தான். ஊரில் மற்ற எல்லோரும் சைவர்கள். எங்களை அவர்கள் 'வேதக்காரர்' என்பார்கள். அதில் பகை இல்லை. தச்சர் வீடு, கடைக்காரர் வீடு என்பதைப் போல அது ஒரு அடையாளம்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாமி இருந்தார். சொந்த மாமி அல்ல. கணவரை இழந்து, பிள்ளைகளும் இல்லாமல், ஒரு சிவலைப் பசுவோடும் அதன் கன்றோடும் தனியாக வாழ்ந்தவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் வேலியோரம் இருந்து பசுவுக்குப் பனையோலை கிழித்துக்கொண்டு அப்பாவின் பிரசங்கத்தைக் கேட்பார். சபையாருக்கு முன்பே அதைக் கேட்டுவிடுகிற ஆள் அவர்தான் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை அப்பா, எசமானின் பொருளைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரனைப் பற்றிப் பேசினார். இந்த உலகமும் அதிலுள்ள மரமும் மிருகமும் நம்முடையவை அல்ல, வேறொருவருடையவை, அவர் நம்மை நம்பி விட்டிருக்கிறார், அவர் கேட்கும் நாளில் குறைவில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் மனிதனைப் படைத்தது என்றார். மறுநாள் சபையாருக்கும் அது பிடித்துப்போயிற்று. எங்கள் சபை மூப்பர்கூட வாசலில் நின்று அப்பாவின் கையைக் குலுக்கினார்.

திங்கட்கிழமை காலையில் மாமி வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் எங்கள் வீட்டு வளவுக்குள் வந்தார். பின்னால் கயிற்றில் சிவலை, அதன் பின்னால் கன்று.

"உபதேசியார், நான் கதிர்காமத்துக்குப் போறன். பழைய நேர்த்திக்கடன் ஒண்டு. வர ஒரு மாதம் போல செல்லும். இவளைப் பாத்துக்கொள்ளுங்கோ."

அப்பா திகைத்துப்போனார். "உங்கடை தம்பி பக்கத்திலை இருக்கிறாரல்லோ?"

"எல்லைக் கதியாலை என்ரை காணிக்குள்ளை அரக்கிப் போட்டவனிட்டை மாட்டைக் குடுக்கவோ?" என்றார் மாமி. "நீங்கள்தானே வேலியடியிலை நிண்டு சொன்னனியள், எல்லாம் இன்னொருவரின்ரை, நாங்கள் பாக்கிற ஆக்கள் மட்டும்தான் எண்டு. அப்ப பாருங்கோவன்."

மாமி கயிற்றை அப்பாவின் கையில் கொடுத்தார். பசுவின் கழுத்தைத் தடவிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

அம்மா பட்டணத்தில் வளர்ந்தவர். பாலைச் செம்பிலே கண்டிருக்கிறாரே தவிர, அது புறப்படும் இடத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அப்பாவுக்கோ மாட்டைக் கண்டால் மரியாதையாக விலகி நடக்கத்தான் தெரியும். இருந்தும் இருவரும் கிணற்றடிக்குப் பக்கத்தில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டார்கள். எனக்குத் தினமும் பால் கிடைக்கும் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பால் கிடைக்கவில்லை. முதல் நாள் சிவலை செம்பை உதைத்துத் தள்ளியது. அடுத்த நாள் அம்மாவைத் தள்ளியது. பிறகு வைக்கலையும் புண்ணாக்கையும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கன்றைக்கூடக் கிட்ட விடவில்லை. மாமியின் வளவைப் பார்த்தபடியே நின்றது, இடையிடையே கத்தியது. மடி கல்லைப்போல இறுகி, தொட்டால் சுட்டது. அம்மா கள்ளமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமியின் தம்பி ஒழுங்கையால் போகும்போதெல்லாம் எங்கள் வாசல் படலையடியில் நிற்பார். "வேதக்காரர் வீட்டிலை மாடு நிக்குது. பெருநாள் கறிக்கோ, உபதேசியார்?" என்று கேட்டுச் சிரிப்பார். கூட வருகிறவர்களும் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிக்கப் பார்ப்பார். ஆனால் அன்று பின்னேரம் அவர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "உது செத்தா, நாங்கள் என்ன சொன்னாலும் இந்த ஊரிலை ஒருத்தரும் நம்பாயினம். அவவும் நம்பாட்டி என்ன செய்யிறது?"

அம்மா என்னைக் கூப்பிட்டார். "மாமி பால் கறக்கேக்கை என்னென்ன செய்யிறவ? நீதானே எந்நேரமும் வேலியடியிலை நிக்கிறனீ."

நான் பாடம் ஒப்புவிப்பதைப்போலச் சொன்னேன். "மடி கழுவுவா. பிறகு சிவலையின்ரை நெத்தியிலை திருநீறு பூசுவா. பிறகு தேவாரம் படிப்பா. அது முடியேக்கைதான் பால் விடும்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

மறுநாள் அம்மா மடியைக் கழுவி, தேவாரத்துக்குப் பதிலாக ஒரு கீர்த்தனை பாடினார். அம்மாவுக்கு நல்ல குரல். சிவலை தலையைத் திருப்பி அவரை ஒருமுறை பார்த்தது, பிறகு உதைத்தது. அதற்கடுத்த நாள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். நான் படித்தது ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்தில். அங்கே எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து எனக்கும் தேவாரம் மனப்பாடமாகியிருந்தது. "பள்ளிக்கூடத்துப் பாடந்தானே, படி" என்றார் அம்மா. நான் படித்தேன். சிவலையின் காதுகள் நிமிர்ந்தன. பால் கொஞ்சம் இறங்கி, பிறகு நின்றுவிட்டது. திருநீற்றுக்குப் பதிலாக அம்மா அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து நெற்றியில் தேய்த்தார். சிவலை தும்மிற்று. அம்மாவின் முகமெல்லாம் சாம்பல். அன்றைக்குத்தான் அப்பா அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்கு மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது சிவலையின் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடுகள் இருந்தன. வளைந்து வளைந்து, ஒன்று மற்றொன்றில் முட்டிக்கொண்டிருந்தன. நான் தேவாரம் படித்து முடித்தபோது செம்பு நிறையப் பால் இருந்தது.

யார் பூசுகிறார்கள் என்று பார்க்க, அடுத்த நாள் நான் விடியும்போதே எழுந்து கிணற்றுக் கட்டின் பின்னால் ஒளிந்திருந்தேன். அப்பா வேலிப் பொட்டுக்குள்ளால் மாமியின் வளவுக்குப் போய், அவருடைய மாட்டுக் கொட்டிலில் தொங்கிய திருநீற்றுக் குட்டானுடன் வந்தார். பனையோலையில் இழைத்த அந்தச் சின்னக் குட்டானுக்குள் மூன்று விரல்களை விட்டார். பசுவின் முன்னால் குனிந்து, மெல்ல மெல்லப் பூசினார். "இன்னும் கொஞ்ச நாள்தான். அவ வந்திடுவா" என்று அதன் காதுக்குள் சொன்னார். பிறகு என்னைத் தேவாரம் படிக்கச் சொல்லுமாறு அம்மாவைக் கூப்பிட்டார்.

பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று ஓய்வுநாள் பாடசாலையில் எங்களுக்கு விளக்கமாகவே சொல்லித் தந்திருந்தார்கள். சொல்லித் தந்தவரே அப்பாதான். பொன் கன்றுக்கே அப்படியென்றால், உயிருள்ள பசுவின் முன்னால் குனிந்தவருக்கு என்ன நடக்கும்? தேவாரம் படித்த நானும் அந்தக் கணக்கில் வருவேனா என்று யோசித்தேன். பள்ளிக்கூடத்துப் பாடம் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. என்னை விட்டுவிட்டு அப்பாவுக்காக மட்டும் தினமும் செபம் பண்ணத் தொடங்கினேன். அவர் தெரியாமல் செய்கிறார் என்று ஆண்டவரிடம் சொன்னேன். தெரிந்துதான் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னேன்.

ஒரு நாள் காலையில் மூப்பர் வந்தார். ஓய்வுபெற்ற கிளாக்கர். மழையில்லாத நாளிலும் குடையோடுதான் திரிவார். அவர் சிவலையின் நெற்றியைப் பார்த்துவிட்டுப் படலையடியிலேயே நின்றார்.

"உபதேசியார், உதென்ன?"

"திருநீறு, மூப்பர்."

"ஆர் பூசினது?"

அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா, "நான்தான்" என்றார்.

"ஆண்டவர் மனிசனை மாட்டுக்கு மேலை அதிகாரியாத்தானே வைச்சது? நீங்கள் மாட்டின்ரை சொல்லுக்கு ஆடுறியளோ?"

"என்ரை மாடெண்டா நான் பூசியிருக்கமாட்டன், மூப்பர். இது அவவின்ரை மாடு. அவ எப்பிடிப் பாத்தாவோ அப்பிடித்தான் நான் பாக்கவேணும்."

"மாடு ஆரின்ரையெண்டாலும், பூசின கை உங்கடை கையல்லோ?"

அப்பா தன் கையைப் பார்த்தார். விரல்களில் இன்னும் வெள்ளை இருந்தது. "ஓம். கை என்ரைதான்" என்றார்.

மூப்பர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிறு மூப்பரே பிரசங்கம் செய்தார். அதற்கடுத்த ஞாயிறும் அவர்தான். அப்பா எங்களோடு வாங்குப் பலகையில் வந்திருந்தார். சனிக்கிழமைப் பின்னேரம் பழக்கத்தில் வேலி வரைக்கும் நடந்துபோவார். சொல்லிப் பார்க்க ஒன்றுமில்லாததால் அங்கேயே குந்தியிருந்து சிவலைக்கு ஓலை கிழிப்பார். எனக்கு மனதுக்குள் பெரிய ஆறுதல். பூமி பிளந்து அப்பாவை விழுங்கவில்லை. இவ்வளவு சின்னத் தண்டனையோடு விட்டதற்கு என் செபந்தான் காரணம் என்று நம்பினேன்.

போதகர் வரும் ஞாயிறு வந்தது. அவர் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் அப்பாவோடு நெடுநேரம் கதைத்தார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நடுவில் போதகர் எழுந்துபோய்ச் சிவலையின் நெற்றியைக் குனிந்து பார்த்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தபோது, "இந்த மாட்டின்ரை பாலோ?" என்று கேட்டார். அம்மா பயந்துகொண்டே, "ஓம் ஐயா" என்றார். போதகர் குடித்து முடித்துவிட்டு, "இன்னொரு கோப்பை தாரும், பிள்ளை" என்றார். போகும்போது, வருகிற ஞாயிறு அப்பாவே பிரசங்கம் செய்யட்டும் என்றார்.

ஆனால் அந்த ஞாயிறு வருவதற்கு முன்பே மாமி வந்துவிட்டார். பயணத்தில் கறுத்து மெலிந்திருந்தார். பஸ்ஸால் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் மூட்டையோடு எங்கள் படலைக்குத்தான் வந்தார். பின்னால் அவருடைய தம்பியும் ஒழுங்கைச் சனம் கொஞ்சமும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மாடு எலும்பும் தோலுமாக நிற்கும், அல்லது நிற்கவே நிற்காது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

சிவலை மாமியைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்திற்று. மேனி மினுமினுத்தது. கன்று வயிறு புடைத்து நின்றது. மாமி கிட்டப் போய்க் கையைத் தூக்கினார். நெற்றியைத் தொடப்போன இடத்தில் அந்தக் கை அப்படியே நின்றது.

"ஆர் பிள்ளை பூசினது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"அவர்தான்" என்றார் அம்மா. "ஒவ்வொரு நாளும்."

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பாலிலை குறை இருக்காது. கண்டுக்குட்டியும் சுகம். கொண்டு போங்கோ" என்றார்.

மாமி பசுவின் நெற்றியிலிருந்த கோடுகளைத் தன் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், தோள்கள் குலுங்கக் குலுங்க அழுதார்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தேன். ஓடிப்போய் மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோவியாதேங்கோ மாமி. அப்பாவுக்குப் பழக்கமில்லை. அதுதான் கோடு வளைஞ்சுபோச்சு."

மாமி இன்னும் கூடுதலாக அழுதார். அம்மா உள்ளே திரும்பிப் போனார். அப்பா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், நிறைந்திருந்த தொட்டிக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றத் தொடங்கினார். நான் சொன்னதில் பிழை எங்கே என்று தெரியாமல், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.