இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெரு கடைவீதியில் தொடங்கி ஆற்றுப் படித்துறையில் முடிந்துவிடும். உள்ளே வந்த வண்டி வந்த வழியேதான் திரும்ப வேண்டும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்தது முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது.

தெருவின் நடுவில், எங்கள் வீட்டின் முன்பகுதியில், என் மனைவியின் விதைக்கடை இருந்தது. இருக்கிறது. விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை. அவளுடைய தந்தை தொடங்கியது; அவள் கைக்கு வந்த பிறகுதான் அது கடை என்று சொல்லும்படி ஆயிற்று. ஓய்வு பெறும் வரை நான் தஞ்சாவூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டுமானவியல் கற்பித்துவிட்டு மாலைப் பேருந்தில் திரும்புவேன். எந்த ஊரார் எந்த நெல்லுக்கு மாறியிருக்கிறார்கள், யார் வயலில் குருத்துப்பூச்சி என்பதெல்லாம் சாப்பிடும் நேரத்தில் அவள் சொல்லித் தெரியும்.

விதைக்கடைக்கு யாரும் கைவீசி நடந்து வருவதில்லை. மொபெட்டின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இன்னொன்று. சில வேளை டிராக்டர். வாசலில் வண்டி நிற்க இடமில்லை என்றால் கடையே இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்து சம்பாவுக்கு நாற்று விடும் அந்தச் சில வாரங்களில் வராத விவசாயி, பிறகு அந்தப் போகம் முழுவதும் உரத்துக்கும் வரமாட்டார். வேறு கடை பழகியிருக்கும்.

எங்கள் எதிர்வரிசையில், படித்துறைப் பக்கமாகச் சில வீடுகள் தள்ளி, ஓர் அரிசி ஆலைக்காரர் கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்தார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் வேறு மனிதர். வெளுத்த சட்டை, சிரித்த முகம். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். எதற்கும் ‘சரி’ என்பார். அந்தச் சொல் அவருக்குச் செலவில்லாதது.

மண்டபத்து வாசலைக் கம்பிக் கட்டுகள் அடைத்துக்கொண்டதால் மணல் லாரியும் ஜல்லி லாரியும் எங்கள் வாசலில் நிற்கத் தொடங்கின. என் மனைவி அவரை அழைத்து உட்காரவைத்து மோர் கொடுத்துப் பேசினாள்.

“தம்பி, மணலு ஜல்லியெல்லாம் காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடி எறக்கிடுங்க. அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் எங்க ஆளுங்க வருவாங்க. சாயந்தரம் மறுபடியும் உங்களுக்கு. தெரு ரெண்டு பேருக்கும் பொதுதானே?”

“கரெக்டும்மா. நீங்க சொன்னா சரிதான்.”

மறுநாள் கடை திறந்து, கூட்டம் சேரும் வேளையில் லாரி வந்து நின்றது. அவள் வெளியே போனபோது அவர் சிரித்தார். “அஞ்சு நிமிஷம்மா, எடுத்துடுவோம்.” அன்று மாலை வரை அது அங்கேயே நின்றது.

வயலுக்கு இடும் சுண்ணாம்புத்தூள் கடையில் மூட்டையாகக் கிடக்கும். அவள் ஒரு கை அள்ளி, வாசலில் வண்டிகள் நிற்குமளவுக்கு ஒரு கட்டம் போட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் விவசாயி. லாரிச் சக்கரம் அதைப் படித்துறை வரை இழுத்துக்கொண்டு போயிற்று. மறுநாள் காலை மறுபடி போட்டாள். குனியக் கூடாது என்று இதய மருத்துவர் சொல்லியிருந்த நாட்கள் அவை.

“அக்கா, குடுங்க, நான் போடுறேன்” என்பாள் கடையில் அவளுக்குத் துணையாக இருந்த பெண். பக்கத்துக் கிராமத்தவள், வேளாண்மை டிப்ளமோ முடித்தவள், வாய் சற்று நீளம்.

“நீ போட்டா கோணலாப் போவும்டி. நவுரு.”

ஒரு நாள் என் மனைவி என்னிடம் கேட்டாள். “ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தீங்களே, இந்தத் தெருவுக்கு ஒண்ணு வரைஞ்சு குடுங்களேன்.” உட்கார்ந்து அளவோடு வரைந்தேன். எந்த லாரி எங்கே பின்வாங்குவது, அடுத்தது கடைவீதியில் எங்கே காத்திருப்பது, தெருமுனையில் கொடியோடு ஓர் ஆள், விவசாயிகளின் வண்டிகளுக்கு எந்த இடம் என்று எல்லாம் அதில் இருந்தன. காண்ட்ராக்டர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“சார் பிளான் சூப்பர் சார். பிரேம் போட்டு மாட்டலாம்.”

இரண்டொரு நாளில் கடைப்பெண் செய்தி கொண்டுவந்தாள். வேலையாட்களின் பஜ்ஜிக்கு அடியில் அதைப் பார்த்திருக்கிறாள். “சார், உங்க பிளான் நல்லா எண்ணெய் குடிக்குது.” என் மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

பிறகு சம்பா வந்தது. மூட்டை கட்டி எடுத்துவைத்திருந்த விதைக்கு உரியவர் தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிக் கத்தினார். “அம்மா, வண்டி உள்ள வராதும்மா! நான் வேற எடத்துல பாத்துக்கறேன்!”

“சரிங்க” என்றாள். எடுத்துவைத்த மூட்டையை மறுபடி அடுக்கில் ஏற்றினாள். அந்தப் பருவத்தில் அவள் அதைப் பலமுறை செய்தாள். அடுக்கு குறையவே இல்லை.

ஐப்பசியில் அவள் இறந்தாள். அவளைக் கொன்றது லாரி அல்ல, இதயம். இதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. என் கோபத்துக்குப் பொய்யின் துணை தேவைப்படவில்லை.

தஞ்சாவூர் மருத்துவமனையிலிருந்து அவளைக் கொண்டுவந்த ஊர்தி எங்கள் தெருமுனையில் நின்றது. எங்கள் வாசலில் ஒரு ஜல்லி லாரி பாதி கொட்டிய நிலையில் நின்றிருந்தது. ஓட்டுநர் அதில் இல்லை. காண்ட்ராக்டர் ஓடி வந்தார். ஊர்திக்குள் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அவர் வாயிலிருந்து வந்தது பழகிய சொல்தான். “அஞ்சு நிமிஷம் சார், டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான்.”

நாங்கள் காத்திருந்தோம். பிறகு அவளைத் தோளில் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஜல்லிக் குவியலின் ஓரத்தில் கால் சறுக்கியது. அன்று காலை யாரும் கோடு போட்டிருக்கவில்லை; அதற்கு முந்தைய கோட்டின் மிச்சம் மட்டும் சக்கரத்தடத்துக்குள் வெள்ளையாகக் கிடந்தது. அதன் மேலாகத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

பிற்பகலில் காண்ட்ராக்டர் பெரிய மாலையோடு வந்தார். போட்டார், கும்பிட்டார், கொஞ்ச நேரம் நின்றார். கைப்பேசி அழைத்தது. அவசரத்தில் என் பக்கம் திரும்பி, “போயிட்டு வரேன் சார்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

துக்க வீட்டில் வருகிறவரை ‘வாங்க’ என்று அழைப்பதில்லை. போகிறவர் சொல்லிக்கொண்டு போவதில்லை. எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். கூடத்தில் அழுகை ஒரு கணம் நின்றுவிட்டது. என் மனைவியின் அக்காள் தலைமாட்டிலிருந்து எழுந்தே விட்டார்.

“அடப் பாவி, என்ன வார்த்தை சொல்லிட்டுப் போறான்! எதுக்குடா திரும்பி வரப் போறே இந்த வீட்டுக்கு?”

எல்லோரும் பதறினார்கள். எனக்கு மட்டும் அந்தச் சொல் பிடித்திருந்தது. வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதி நாளைத் தாங்கிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை உறவினர்கள் தெருவெங்கும் ஒட்டினார்கள். மண்டபத்துத் தகர வேலியிலும் ஒன்று இருந்தது. காண்ட்ராக்டர் தினமும் அவள் முகத்தைக் கடந்துதான் உள்ளே போனார். அப்படியிருந்தும் மண்டபத்து மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடக் கருமாதிக்கு முந்தின நாளைக் குறித்தார். எங்களை எதுவும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

பந்தல்காரர் வந்து வாசலை அளந்தார். “முந்தின நாளு மத்தியானத்துக்கு மேல கால் நட்டுடலாம் சார். வண்டி போவ ஒரு பக்கம் வழி விடணுங்களா?”

“வேண்டாம். இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவரு வரைக்கும் போடுங்க.”

“அங்க தளம் போடுறாங்களாமே சார், அன்னிக்கு...”

“ஆமாம்” என்றேன். மனைவியை இழந்தவனிடம் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

குறித்த நாளில் மண்டபத்துப் பூசைக்கு யாரோ ஒரு பெரிய மனிதருக்காகக் காத்திருந்து வேலையைத் தாமதமாகத்தான் தொடங்கினார்கள். கலவை சுமந்த வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்த் திரும்பின. பம்ப் இரைந்தது. மதியச் சாப்பாடு முடிந்தபோது தளம் பாதி நிறைந்திருந்தது. அப்போது பந்தல்காரரின் வண்டி வந்து எங்கள் வாசலில் கால்களை இறக்கியது.

தளம் போடும் வேலையை நடுவில் நிறுத்தக் கூடாது. முன்னால் போட்டது இறுகிவிட்டால், பிறகு போடுவது அதனோடு ஒன்றாகாது. இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு நிற்கும், பாரம் ஏறும்போது அந்தக் கோடு பேசும். என் பணிக்காலம் முழுவதும் நான் மாணவர்களுக்குச் சொன்னது இது. குறுக்குக் கம்பு ஏறித் தகரம் வேயத் தொடங்கியபோது, தெருமுனையில் கலவை வண்டிகள் ஒலிப்பானை அழுத்தின.

போயிட்டு வரேன் என்றவர் வந்தார். நான் வாசலில் நாற்காலியில் இருந்தேன். ‘வாங்க’ என்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, வழக்கம் அது. உட்காரச் சொல்லவும் இல்லை.

“சார், இன்னும் கொஞ்ச வண்டிதான் சார். ஒரு பக்கத்துக் காலை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் சார்.”

நான் அவரைப் பார்த்தேன்.

“பாதியில நின்னா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாததா சார்? நீங்க எத்தினி பேருக்குச் சொல்லிக்குடுத்திருப்பீங்க!”

தெரியும். அதனால்தான் உட்கார்ந்திருந்தேன்.

“சார், ஏதாச்சும் சொல்லுங்க சார்.”

கடைப்பெண் உள்ளிருந்து வந்தாள். “ஏண்ணே, சாவு வீட்டுப் பந்தலைப் பிரிக்கச் சொல்றீங்களா? இங்க வந்து மெதுவாப் பேசினா எப்படி? தெருவுல நின்னு சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

அவர் நகர்ந்து நின்று யாரையோ கைப்பேசியில் பிடித்தார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. “துட்டி வீட்டுப் பந்தலா? ஆளை விடுங்க சாமி, நான் அதுல வர மாட்டேன்.”

கலவை வண்டிகள் வெகுநேரம் நின்றுவிட்டு, வந்த வழியே பின்வாங்கிப் போயின. சாயங்காலம் மழை பிடித்தது. ஐப்பசியும் கார்த்திகையும் சேரும் நாட்களின் மழை. அதற்கு யாரும் கட்டளை இடுவதில்லை. பந்தல் தகரத்தில் அது விழும் ஓசைக்கு நடுவே, அங்கே பாதித் தளத்தின் விளிம்பு கரைவதை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இருந்திருந்தால் வழி விட்டிருப்பாள். ஒரு காலை எடுக்கச் சொல்லி, அவருக்கு மோரும் கொடுத்திருப்பாள். அவள் இல்லை என்பதை அந்தத் தெருவுக்கு வேறு எப்படித் தெரியப்படுத்துவது?

கருமாதிக்குச் சுற்று வட்டாரத்து விவசாயிகள் எல்லாம் வந்தார்கள். பந்தலுக்குள், அவள் கட்டம் போட்ட இடத்தில், மொபெட்டுகள் வரிசையாக நின்றன. அரிசி ஆலைக்காரரும் வந்து சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு என்னருகே உட்கார்ந்தார். அவர் குரலில் என்மேல் குற்றச்சாட்டு இல்லை.

“ஐயா, மீதியை நாளைக்குப் போட்டு ஒட்டிடலாம்ங்கிறாரு. நீங்க ஒருதரம் ஏறிப் பாத்துச் சொல்லணும்.”

மறுநாள் காலை ஏறினேன். நிற்கக் கூடாத இடத்தில், உத்தரத்தை ஒட்டி, சரிவாக நின்றிருந்தது விளிம்பு. மழை சிமெண்டைக் கழுவி ஜல்லியைப் பல்போல் வெளியே காட்டியிருந்தது. காண்ட்ராக்டர் சாரத்தைப் பிடித்தபடி நின்றார். அன்றைக்கும் முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருந்தது.

அப்படிப்பட்ட விளிம்பை வெட்டிச் செதுக்கி ஒட்டுவதற்கு முறைகள் உண்டு. பொறுமையும் சொல்நேர்மையும் உள்ளவர் செய்தால் நிற்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆலைக்காரர் அதைக் கேட்கவில்லை.

“இவரு ஒட்டித் தராருன்னா, அதுக்குக் கீழ உங்க வீட்டுக் கல்யாணத்தை வெப்பீங்களாய்யா?”

“வைக்க மாட்டேன்.”

“அப்ப?”

“உடைச்சிடுங்க” என்றேன்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். கச்சேரிகளுக்கு நடுவில் நான் தூங்கிவிடுவதாக அவள் சொல்வாள். உடைக்கும் இயந்திரம் ஓடிய நாட்களில் கடையில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை கேட்டேன். ஒரு கணமும் கண் அயரவில்லை.

உடைத்து முடிந்ததும் ஆலைக்காரர் ஆளை மாற்றினார். புதிதாக வந்தவர் முதல் நாளே கடைக்கு வந்து, லாரியை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டார். என் மனைவி சொன்ன நேரங்களையே சொன்னேன். இதுவரை மீறவில்லை. பழைய கதையை அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

காலையில் சுண்ணாம்புக் கோடு இப்போது நான் போடுகிறேன். “அக்கா பாத்திருந்தா அழிச்சிட்டு மறுபடி போடச் சொல்லியிருக்கும்” என்கிறாள் கடைப்பெண். கடையை அவள்தான் நடத்துகிறாள். மேலுரத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

பழைய காண்ட்ராக்டர் தம் இரும்பு முட்டுகளை எடுத்துப்போகச் சின்ன லாரியோடு ஒருநாள் வந்தார். மண்டபத்து வாசலில் புது ஆளின் மணல் இறங்கிக்கொண்டிருந்தது. லாரியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு இறங்கி, கடைப்படிக்குக் கீழே நின்றார்.

“சார், ஜாக்கியெல்லாம் ஏத்தணும். இங்க கொஞ்சம் நிறுத்திக்கலாமா சார்?”

“வண்டி கடைவீதியில நிக்கட்டும். தோள்ல தூக்கிட்டுப் போயிடுங்க” என்றேன். “அஞ்சு நிமிஷம்தான்.”

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு லாரியைப் பின்வாங்கச் சொன்னார். அவரோடு வந்தது இரண்டே ஆட்கள். அதனால் அவரும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்தார். இரும்பைச் சுமந்துகொண்டு, எங்கள் வாசலைக் கடந்து, நாங்கள் அவளைத் தூக்கி வந்த அதே வழியில் தெருமுனை வரை நடந்தார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி நடந்தார்கள். கடைப்பெண் சாப்பிடக் கூப்பிட்டாள். அப்புறம் என்றேன்.

கடைசி முட்டும் போயிற்று. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடையைக் கடந்தார். என்னிடம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.